ஹெலன் வீட்டுக் கரண்டி

1

எங்கள் கல்யாணத்துக்கு இந்தக் கார்த்திகையோடு இருபத்தைந்து வருஷம். கரூரில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டபோது அவள்தான் ஞாபகமாகக் கேட்டாள்.

"வெள்ளி விழாவாச்சேக்கா, மாமா என்ன வெள்ளி வாங்கிக் குடுத்தாரு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிஸ்கட்டவே என்ற இந்த அமெரிக்க ஊரில், எங்கள் வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் வெள்ளிக்கு வராது. சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி நிறைய அதுதான். வெண்ணெய்த் தட்டு, ரொட்டித் தட்டு, மிட்டாய்க் கிண்ணம், உப்புக் குப்பி, மெழுகுவர்த்தித் தண்டு. எல்லாம் ஐம்பதுகளில் இந்த ஊர்க் கல்யாணங்களில் யாரோ யாருக்கோ கொடுத்தவை. டபிள்யூ, எம், பி என்று ஆளாளுக்கு இனிஷியல் வெட்டியிருக்கும். எங்கள் வீட்டு இனிஷியல் மட்டும் ஒன்றில்கூடக் கிடையாது.

"ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றேன்.

"ஏன், சண்டையா?"

"சண்டை போடறதுக்குத் தெம்பு வேணுமே."

அதற்குள் காலிங் கார்டில் நிமிஷம் தீரப்போகிறது என்று நடுவில் ஒரு பெண் குரல் சொல்லிவிட்டது. இந்த வருஷம் நடந்ததை அந்த மிச்ச நிமிஷத்தில் அவளுக்குச் சொல்லியிருக்க முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

2

தொண்ணூறில் வந்தோம். என் வீட்டுக்காரர் மருந்துக் கம்பெனி வேலைக்கு வந்தார். நான் அவருடைய விசாவில் தொங்கிக்கொண்டு வந்தேன். கரூரில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு, இங்கே வேலை பார்க்கக் கூடாது என்று ஒரு தாளில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். மகள் நித்யாவுக்கு அப்போது ஏழு வயது, தமிழ் மட்டும்தான் தெரியும். மூன்று வருஷத்தில் நான் தமிழில் கேட்பதற்கு அவள் இங்கிலீஷில் பதில் சொல்லும்படி ஆயிற்று. கோபித்துக்கொண்டால், "ஐ அண்டர்ஸ்டாண்ட் யூ, மா" என்பாள், அதற்கு மேல் என்ன வேண்டும் என்பது போல.

பெயர்க் கதை அதைவிட மோசம். எனக்குக் கலாவதி என்ற ஒற்றைப் பெயர்தான். லாஸ்ட் நேம் இல்லாமல் இங்கே மூச்சுக்கூட விட முடியாது என்றார்கள். கடைசியில் என் மாமனார் பெயர் எனக்கு லாஸ்ட் நேம் ஆயிற்று. ஊரில் அவர் பெயரை வாயால் சொல்லக்கூட மாட்டேன். இங்கே பல் டாக்டர் முதல் தபால்காரி வரை எல்லாரும் என்னை "மிஸஸ் ராமசாமி" என்று கூப்பிடுகிறார்கள், நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

சனிக்கிழமை காலையில் வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் கராஜ் சேல்களுக்கு நித்யாவுக்கு ஒரு படிக்கும் மேசை தேடித்தான் போக ஆரம்பித்தோம். ஒரு வீட்டில், துருப்பிடித்த சாமான்களுக்கு நடுவே, கரிப்பிடித்த மாதிரி ஒரு சர்க்கரைக் கிண்ணம் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் அடியில் ஸ்டெர்லிங் என்று பொடி எழுத்து. விற்ற அம்மாளுக்கு அது வெள்ளி என்றே தெரியவில்லை போலிருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து பழனி விபூதியை ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்தேன். உள்ளேயிருந்து நிலா மாதிரி வந்தது. அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம்.

"இதென்ன, ஊரான் எச்சில் பாத்திரம்" என்றார் இவர்.

"கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்தா எச்சில் போயிருமுங்க. அவங்க பேருதான் போகாது."

அப்புறம் எஸ்டேட் சேல்கள். ஒரு வீட்டின் சொந்தக்காரர் இறந்துபோனால், அல்லது வயதாகி வேறிடம் போனால், அந்த வீட்டுச் சாமான் மொத்தத்தையும் மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றிலும் விலை ஸ்டிக்கர் ஒட்டி, கதவைத் திறந்துவிடுவார்கள். செருப்புக் காலோடு படுக்கையறை வரை போகலாம். துக்க வீட்டிலிருந்து வந்தால் தலைக்குக் குளித்துவிட்டுத்தானே நாம் மறு வேலை பார்ப்போம்? இங்கே துக்க வீட்டிலிருந்து கையில் பையோடு திரும்பி வருகிறோம். நான் மட்டும் பையை வாசலிலேயே வைத்துவிட்டு, குளித்துவிட்டுத்தான் உள்ளே எடுப்பேன். நித்யா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஏமாந்ததும் உண்டு. ஒருமுறை ஒரு ஜோடி மெழுகுவர்த்தித் தண்டு நல்ல கனம். இவ்வளவு வெள்ளியா என்று ஆசை ஆசையாக வாங்கி வந்தேன். அடிப்பக்கத் துணியைப் பிரித்தால் உள்ளே பூராவும் சிமெண்டு. வெள்ளி மேலே காகிதம் போல ஒரு தோல்தான். கனத்தை நம்பாதே என்று அன்றைக்குப் புரிந்தது.

கிரீன் கார்டுக்குக் கைரேகை எடுக்கப் போனபோது என் ரேகை சரியாக விழவில்லை, இன்னொரு நாள் வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரில் வரும்போது இவர் சொன்னார்: "தேய்ச்சுத் தேய்ச்சு ரேகையவே அழிச்சிட்ட. உன்னைய நீதான்னு இனி எவன் நம்புவான்?" அன்றைக்கு அது வெறும் கிண்டல்.

3

ஹெலன் எங்கள் பக்கத்து வீடு. எழுபது தாண்டியவள், கணவன் ஃபிராங்க் போய்ப் பல வருஷம். ஒரே மகள் கேரன் கலிபோர்னியாவில். நாங்கள் குடிவந்த வாரமே ஒரு ஆப்பிள் பை கொண்டுவந்து கொடுத்தாள். அந்தத் தட்டைக் கழுவி, அதில் முறுக்கு வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு நான் எலுமிச்சை சாதம் கொடுத்த எவர்சில்வர் டப்பாவை அவள் காலியாகத் திருப்பித் தந்தாள். அடுத்த முறை அவள் கண்ணாடிக் கிண்ணம் என்னிடம் வந்தபோது நான் மறுபடி எதையோ போட்டுத்தான் கொடுத்தேன். கேட்டேவிட்டாள்.

"நீ ஏன் எப்பவும் எதையாவது போட்டே தர்றே?"

"எங்க பக்கம் பாத்திரத்தைக் காலியாத் திருப்ப மாட்டோம். ஒண்ணுமே இல்லேன்னா ஒரு பிடி சர்க்கரையாவது போடுவோம்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

யோசித்தாள். "அப்போ நானும் போட்டுத்தான் தரணும். நீ திரும்பப் போடுவே. இது எப்போ முடியும்?"

"முடியாது."

விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து அவள் கையால் என் டப்பா ஒருநாளும் காலியாக வந்ததில்லை. பிஸ்கட் வரும், அவள் தோட்டத்துப் பிளம்ஸ் வரும். ஒருமுறை பனியில் கடைக்குப் போக முடியவில்லை என்று ஒரு டின் மீன் போட்டு அனுப்பினாள். நாங்கள் சுத்த சைவம். அந்த டின் எங்கள் வீட்டு அலமாரியில் பல வருஷம் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது.

அந்த எவர்சில்வர் டப்பா என் கல்யாணத்துக்குத் தாய்மாமா கொடுத்தது. மூடிமேல் புள்ளி புள்ளியாகக் கலாவதி என்று தமிழில் வெட்டியிருக்கும். ஹெலன் அந்தப் புள்ளிகளை விரலால் தடவி, "இது உன் மோனோகிராமா?" என்பாள். இந்த ஊரில் என் பெயர் முழுசாக, சரியாக இருந்த ஒரே இடம் அதுதான் என்று அவளிடம் சொல்லத் தோன்றும். சொன்னதில்லை.

அவளிடமும் வெள்ளி இருந்தது. நான் பொறுக்கிச் சேர்த்த மாதிரி இல்லை. பன்னிரண்டு பேருக்கான முழு செட்: முள், கத்தி, ஸ்பூன் எல்லாம், காம்பில் ரோஜா வேலைப்பாடு. கல்யாணத்துக்குக் கொஞ்சம் வந்ததாம். மிச்சத்தை அவளும் ஃபிராங்க்கும் பிறந்தநாளுக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று என்று வாங்கி நிரப்பினார்களாம். கடைசியாக வாங்கியது ஒரு கிரேவிக் கரண்டி. அதோடு செட் முடிந்தது.

அந்த ரோஜா இதழ்களின் இடுக்கில் கறுப்பாக இருக்கும். பார்த்ததும் என் கை பரபரத்தது. "குடு, விபூதி போட்டுத் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கித் தர்றேன்" என்றேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"அந்தக் கறுப்பு வேணும்னே விட்டது. அது இருந்தாத்தான் ரோஜா தெரியும்."

வீட்டுக்கு வந்து என் அலமாரியைப் பார்த்தேன். பூ, இலை, கொடி எல்லாவற்றையும் நான் ஒரே வெள்ளையாகத் தேய்த்து வைத்திருந்தேன். கிட்டே போனால்தான் பூ என்று தெரிகிறது. அதற்காக ஹெலன் சொன்னதை ஒத்துக்கொண்டுவிடுவேனா? வெள்ளி என்றால் வெளுப்பாக இருக்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் அவளோடு வாதாடினேன்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஹெலன் எங்கள் வீட்டுக்கு வருவாள். கைப்பையில் அந்தக் கரண்டியைக் கொண்டுவந்து அவளே எல்லாருக்கும் பாயசம் ஊற்றுவாள். பாயசத்துக்கென்றே அளவெடுத்துச் செய்தது போலிருக்கும். நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். "ஹெலன் போனதும் அந்தக் கரண்டிக்குச் சுத்திப் போடணும்" என்று இவர் தமிழில் சொல்ல, நித்யா சிரித்துவிட்டு, அதை ஹெலனுக்கு இங்கிலீஷில் போட்டும் கொடுத்துவிடுவாள்.

4

இந்த வருஷம் பொங்கலன்று நல்ல பனி. ஹெலன் வர முடியவில்லை. நானே டப்பா நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் அவள் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. பக்கவாதம். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். கண் திறக்கவில்லை. அப்படியே போய்விட்டாள்.

கேரன் வந்து காரியங்களை முடித்துவிட்டுப் போனாள். வீட்டைக் காலி செய்ய மறுபடி ஜூனில் வந்தாள். சேலுக்கு இரண்டு நாள் முன்னால் எங்கள் கதவைத் தட்டினாள். மரியாதையான பெண்தான். உள்ளே வரச் சொன்னேன்.

"அம்மாவோட வெள்ளி செட்டுக்கு ஒரு டீலர் கிடைச்சிருக்கார். முழுசா இருந்தாத்தான் எடுப்பாராம். கிரேவிக் கரண்டியை மட்டும் காணோம். வீடு பூரா தேடிட்டேன். நீங்க அம்மாவைப் பார்க்க அடிக்கடி வருவீங்க. உங்களுக்கும் வெள்ளின்னா இஷ்டம்னு அம்மா சொல்லியிருக்காங்க. எங்கயாவது பார்த்தீங்களா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கேட்டுக்கொண்டே அவள் கண் என் கண்ணாடி அலமாரிக்குப் போயிற்று. டபிள்யூ, எம், பி. ஊரார் இனிஷியல் அத்தனையும் வரிசையாக நின்று அவளைப் பார்த்தன.

"எல்லாம் வாங்கினது" என்றேன். யாரும் கேட்கவில்லையே, ஏன் சொன்னேன்? சொன்னபிறகு நிறுத்தவும் முடியவில்லை. இது இன்ன தெருவில், அது இன்ன சர்ச் சேலில் என்று கஸ்டம்ஸ்காரனிடம் பெட்டியைத் திறந்து காட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் காட்டினேன். கேரன், "ஆஃப் கோர்ஸ், ஆஃப் கோர்ஸ்" என்று பின்வாங்கிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டாள்.

அவள் போனதும் அலமாரி முழுவதையும் இறக்கித் தேடினேன். அங்கே இருக்காது என்று எனக்கே தெரியும். ஆனாலும் பாயசப் பாத்திரத்தோடு மறந்து வந்திருந்தால்? கழுவும்போது என் கரண்டிகளோடு கலந்திருந்தால்? பத்து வருஷம் அந்த வீட்டுக்குள் சொந்த வீடு போலப் போய்வந்த பேர், ஒரு கரண்டியால் திருட்டுப்பட்டம் கட்டிக்கொள்ளப் போகிறதே என்று இருந்தது.

"சேல் அன்னிக்கு அந்தப் பக்கமே போகாத" என்றார் இவர்.

"போகலேன்னா என்ன நினைப்பாங்க?"

"போனா என்ன நினைப்பாங்க?"



5

போனேன். நித்யாவும் கூட வந்தாள். "யூ லுக் கில்ட்டி ஆல்ரெடி, மா" என்று சொல்லிக்கொண்டேதான் வந்தாள்.

எத்தனையோ வீடுகளில் இப்படி நுழைந்திருக்கிறேன். தெரிந்த வீட்டில் நுழைவது வேறு. ஹெலனின் நாற்காலிமேல் ஸ்டிக்கர். அவள் எனக்கு டீ ஊற்றித் தந்த கோப்பைமேல் ஸ்டிக்கர். அவள் குளிர்க் கோட்டை ஒரு பெண் போட்டுப் பார்த்துக் கண்ணாடியில் திரும்பிக்கொண்டிருந்தாள். வரவேற்பறை மேசையில் ரோஜா செட் விரித்து வைத்திருந்தது. டீலர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கரண்டிக்கான இடம் காலி.

நான் சமையலறைக்குப் போனேன். பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு நடுவே என் எவர்சில்வர் டப்பா இருந்தது. மூடியில் ஸ்டிக்கர் ஒட்டி, "இந்திய மெட்டல் பெட்டி, மோனோகிராம் உள்ளது" என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.

"இது என்னுது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். விற்பனை நடத்த வந்திருந்த கம்பெனிக்காரி கேரனைக் கூப்பிட்டாள். கேரன் வந்து டப்பாவைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். உள்ளே ஏதோ மெத்தென்று இடித்தது. அந்த மூடி இறுக்கம். பக்கவாட்டில் தட்டித்தான் திறக்க வேண்டும், அது எங்களுக்குத்தான் தெரியும். அவர்கள் திறக்கவே இல்லை போலிருக்கிறது. கேரன் நகத்தை விட்டு நெம்பினாள்.

நீல ஃபிளானல் துணி. பிரித்தாள். கரண்டி.

சமையலறையில் இருந்தவர்கள் எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். கேரன் மூடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதுல உங்க பேர்தானே எழுதியிருக்கு?"

என் வாயில் இங்கிலீஷ் இல்லை. "வீ டோன்ட்... எம்ப்டி... நோ கிவிங்..." என்று என்னவோ உளறினேன். இந்தியில்கூட இரண்டு வார்த்தை வந்தது, எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. கணக்கு டீச்சராக ஒரு வகுப்பையே ஒரு பார்வையில் அடக்கினவள், அந்த இடத்தில் நின்று அழுதுவிடுவேன் போலிருந்தது.

நித்யாதான் முன்னால் வந்தாள். அவள் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"எங்க அம்மா இந்த டப்பாவில பொங்கல் கொண்டுவந்து குடுத்தாங்க. எங்க வீட்டு வழக்கம், டப்பாவைக் காலியாத் திருப்பித் தரக்கூடாது. உங்க அம்மாவுக்கும் அது தெரியும். பத்து வருஷமா ரெண்டு பேரும் இப்படித்தான் விளையாடிட்டிருந்தாங்க. ஒருதடவை ஒரு டின் டூனா மீன் வந்தது. இப்போ உங்க அம்மாவோட முறை. அவங்க போட்டு வச்சிருந்தாங்க. குடுக்கறதுக்குள்ள போயிட்டாங்க. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த வழக்கத்தை நான் அவளுக்கு உட்காரவைத்துச் சொன்னதே கிடையாது. அவள் கவனித்தாள் என்றும் எனக்குத் தெரியாது.

கேரன் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரோஜா இடுக்கில் கறுப்பே இல்லை. ஒரே வெள்ளையாகத் தேய்த்திருந்தது. ஹெலன் தேய்த்திருக்கிறாள், எனக்குப் பிடித்த மாதிரி. அது அங்கே எனக்கு மட்டும்தான் தெரிந்தது. அதை எந்த பாஷையிலும் என்னால் சொல்ல முடியவில்லை.

"அம்மா அப்படிச் செய்யக்கூடியவங்கதான்" என்றாள் கேரன் மெதுவாக. அப்புறம், "ஐ ஆம் சாரி. செட்டாத்தான் எடுப்பாங்க" என்றாள். கரண்டியோடு வரவேற்பறைக்குப் போனாள். திரும்பி வந்து டப்பாவை என் கையில் கொடுத்தாள். ஸ்டிக்கரை மட்டும் உரித்திருந்தாள்.

அவள் முழுசாக நம்பினாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கோபமும் இல்லை. அவள் அம்மாவின் சாமான், அவள் விற்கிறாள். ஆனால் அந்தப் புல்வெளியைத் தாண்டி வீட்டுக்கு வருகிற வரை கையில் டப்பா லேசாக, மிக லேசாக இருந்தது. அந்த வீட்டிலிருந்து அது காலியாக வருவது நித்யா சின்னப் பிள்ளையாக இருந்த காலத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. குளித்தேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஹெலனுக்காக அழுதேன். ஜனவரியிலிருந்து வராத அழுகை.

6

அப்புறம் எந்தச் சேலுக்கும் நான் போகவில்லை. சனிக்கிழமை காலையில் இவர் பேப்பரில் சேல் பக்கத்தைத் தானாகவே எடுத்து நீட்டுவார். நான் கூப்பன் பக்கத்தை வாங்கிக்கொள்வேன். அலமாரியில் எல்லாம் கறுக்க ஆரம்பித்திருக்கிறது. விபூதி எடுக்கக் கை வரவில்லை. கறுக்கக் கறுக்க, பூ எது இலை எது என்று சிலவற்றில் நன்றாகத்தான் தெரிகிறது. ஹெலனிடம் சொன்னால் துள்ளியிருப்பாள்.

ஆகஸ்டில் நித்யா காலேஜுக்குப் போனாள். நாலு மணி நேர டிரைவ். சின்ன வகுப்பில் யாரோ மூக்கைப் பிடித்ததிலிருந்து என் டப்பா எதையும் பள்ளிக்கு எடுத்துப் போகாத பெண் அவள். கட்டாயப்படுத்தினால் வழியில் தொலைத்துவிடுவாள், இல்லாவிட்டால் காலியாக, மூடி இல்லாமல் திரும்பும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அந்த எவர்சில்வர் டப்பாவில் பருப்புப் பொடி இடித்துப் போட்டு அவள் பெட்டியில் துணிக்கடியில் சொருகிவிட்டேன். எப்படியும் குப்பைக்குத்தான் போகும் என்று இவரிடம் சொன்னேன். "அப்பறம் எதுக்கு வச்ச?" என்றார். வைத்தேன், அவ்வளவுதான்.

போனில் அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

தேங்க்ஸ்கிவிங் பண்டிகை லீவுக்கு நேற்று வந்தாள். மெலிந்திருக்கிறாள், தலைமுடியை வெட்டியிருக்கிறாள். அழுக்குத் துணி மூட்டையை லாண்ட்ரி ரூமில் கொட்டிவிட்டு, பைக்குள் கையைவிட்டு டப்பாவை எடுத்து, என்னைப் பார்க்காமலே நீட்டினாள்.

"ஹியர். டோன்ட் மேக் இட் அ திங், மா."

பக்கவாட்டில் தட்டித் திறந்தேன். காலேஜ் கேன்டீனில் காபி மேசையிலிருந்து அள்ளிவந்த சர்க்கரைப் பொட்டலங்கள். வாய்வரை அடைத்து, மூடி இறுக்கி மூடியிருந்தாள்.

உள்ளே போய்க் காபிக்குத் தண்ணீர் வைத்தேன். ஆனால் திறந்து பார்ப்பதற்கு முன்னாலேயே, கையில் வாங்கியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. டப்பா கனத்தது.